பூங்காக் கதவைக் கழற்றித் தர வேண்டி

அனுப்புநர்
ச. கண்ணுச்சாமி,
வேஸ்ட் பேப்பர் வியாபாரம்,
கீழரத வீதி, வேலாயுதப்பட்டணம்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
வேலாயுதப்பட்டணம்.

பொருள்: சாத்தூர் சாலை நிறுத்தத்துச் சிறு பூங்கா – கதவை அகற்றி, வெள்ளை பெஞ்சுகளை மாற்ற வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பூங்காவின் பெஞ்சுகளும் வாசல் பலகையும் என் உபயம். புண்ணியத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை, கடைப் பெயர் நாலு பேர் கண்ணில் படட்டும் என்றும்தான் கொடுத்தேன். அதை மறைப்பதற்கில்லை.

2. பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றி இறக்குவது அந்த வாசலில்தான். வேலை முடிந்து வருகிறவர்கள் சேலையில் அலுமினியப் பவுடர் படிந்திருக்கும். அச்சாபீஸ் ஆட்கள் கையில் மை இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் வெள்ளை டைல்ஸ் பெஞ்சு போட்டோம். இப்போது கறை படுகிறது என்று நகராட்சி ஆட்கள் அவர்களையே உள்ளே விடுவதில்லை. கதவுக்குப் பூட்டு.

3. சென்ற செவ்வாய் மாலை, ஏழு மாதக் கர்ப்பிணியான வேல்விழி என்ற தொழிலாளி வாசலில் சாக்கடை மூடிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். வண்டியை நிறுத்தி, "ஏம்மா, உள்ள போயி உக்காரலாம்ல?" என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். "எங்க சேல பட்டா ஒங்க பெஞ்சு கறுத்துருமாம், அண்ணாச்சி. அதான் ஒங்க பேரு நெழல்ல உக்காந்திருக்கோம்" என்றார். என் பெயர்ப் பலகையின் நிழல் அவர் மேல் பாதிதான் விழுந்தது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து அந்த வழியே போக முகமில்லாமல் பைபாஸைச் சுற்றிக் கடைக்குப் போகிறேன்.

4. நிதி இல்லை என்று அலுவலகத்தில் சொல்லக்கூடும். பெரிய நிதி வேண்டாம். டைல்ஸைப் பெயர்த்துவிட்டுக் கடப்பா கல் பதித்தால் எந்தக் கறையும் தெரியாது. கல் பட்டறையில் கழித்துப் போட்ட துண்டுகளே போதும். பூங்கா நடுவில் இருக்கும் நீரூற்று ஓடுவதில்லை. அதன் குழாயைத் திருப்பி நாலு புங்கை வைக்கலாம். மரம் வளரும்வரை என் பலகைத் தகட்டை, பெயரைச் சுரண்டிவிட்டு, கூரையாகப் போடுங்கள். கல்லும் கூலியும் என் பொறுப்பு. உபயம் என்று எங்கும் எழுத வேண்டாம்.

5. வேல்விழி இன்னும் வேலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். கோப்பு மேசை மேசையாகச் சுற்றிவரும்வரை அவரைக் கல்லில் உட்காரவைப்பது நியாயமில்லை. கதவையாவது முதலில் கழற்றிவிடும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எல்லா வேலையும் முடிந்தபின் என்னை அழைத்துத் திறப்பு விழா நடத்த வேண்டாம். கதவு இல்லாத இடத்துக்கு அது தேவைப்படாது.

இடம்: வேலாயுதப்பட்டணம்
நாள்: 12.05.2025

இங்ஙனம்,
ச. கண்ணுச்சாமி