துடைக்கக் கூடாத படலம்

ஜூன் 10, 2024, திங்கள்
கல்லூரி முதல்வரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் வெற்றிடக் கலத்தை இன்று சொந்த வேலைக்குப் பயன்படுத்தினேன். என் மனைவி பாண்டிமீனாவின் மூக்குக்கண்ணாடிக்கு, ஒளியைத் திருப்பி அனுப்பாத படலம் பூச வேண்டும்.

சித்திரையில் அவள் அண்ணன் சீனிச்சாமியின் பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்த்தபோது பொறி தெறித்தது. பாண்டிமீனாவின் இடக்கண் வெளிறிப் பார்வை போயிற்று. அதன்பின் அவள் என்னை நேராகப் பார்ப்பதில்லை. முகம் திரும்பினாலும் கண்ணாடி வில்லையில் ட்யூப்லைட்தான் மின்னுகிறது. அவள் எங்கே?

ஜூன் 19
கண்ணாடியும் காற்றும் திடீரெனச் சந்திக்கும் எல்லையில்தான் ஒளி திரும்பிவிடுகிறது. எல்லையே இல்லாவிட்டால்? ஆவியாகும் சிலிக்காவுக்கு எதிரே வில்லையை மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால், படலம் அடியில் கெட்டியாகவும் மேலே போகப் போகக் காற்று கலந்து நொய்தாகவும் படியும். ஒளிவிலகல் எண் சரிவாக இறங்கும். கண்ணாடி எங்கே தொடங்கியது என்று ஒளிக்கே தெரியாது. விடியலில் ஆனைக்குட்டம் அணையில் நீர் முடிந்து வானம் தொடங்கும் இடம் தெரியாததுபோல.

ஜூன் 27
இடி. மின்தடை. வில்லை வீண்.

ஜூலை 6
சீனிச்சாமி வந்தார். "மாப்ளே, கண்ணாடி போட்டும் கண்ணாடியே தெரியக் கூடாதுன்னு இம்புட்டுப் பாடா? பேசாம கழத்தி வைக்கச் சொல்ல வேண்டியதுதான."

சிரித்தேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

ஜூலை 14, ஞாயிறு
முடிந்தது. வெறும் சட்டம் மட்டும் இருப்பதுபோல் இருந்தது. விதிகளைச் சொல்லிக் கொடுத்தேன்: விரல் படக் கூடாது, துணியால் துடைத்தால் படலம் போய்விடும், தூசியை ஊதித்தான் அகற்ற வேண்டும்.

போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தாள். "எல்லாந் தெரியுதே" என்றாள். கழற்றிவிட்டாள்.

அந்த மினுக்கம் அவளுடைய வெளிறிய கண்ணுக்கு மறைப்பாக இருந்திருக்கிறது. வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் — நான் கேக்கவே இல்லியே.

ஜூலை 16
பழைய கண்ணாடியையே போட்டிருக்கிறாள்.

ஜூலை 21, ஞாயிறு
விடியுமுன் அவளே எழுப்பினாள். "ஆனைக்குட்டம் போவமா?"

கரையில் நின்றபோதுதான் கவனித்தேன். புதிய கண்ணாடி. இடப்பக்க வில்லையில் மட்டும் வானம் பளபளத்தது.

"முந்தானையால தொடச்சிட்டேன். தெரிஞ்சேதான். இந்த ஒன்ன மட்டும்" என்றாள். "வைவீகளா?"

விதி நாக்கு நுனிவரை வந்தது. "இல்லை" என்றேன்.

நீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. வலப்பக்க வில்லையில் எதுவும் மின்னவில்லை. அங்கே அவள் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.