ஞானஸ்நானச் சான்றிதழும் என் மேடைப் பேச்சும்

என் பொன்னு ஸ்டெல்லா,

நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. காய்ச்சல்தானே, நாலு நாளில் சரியாகிவிடும் என்று போனில் நீயே என்னைத் தேற்றினாய். நானும் நம்பி ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி அழ இப்போது எழுதவில்லை. போன வியாழக்கிழமை நான் செய்த காரியத்தை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? நான்தான். கபடியால் முன்னுக்கு வந்து சர்க்கார் அதிகாரியான பழைய மாணவி! விளையாட்டு நல்ல குணத்தைக் கற்றுத்தரும், தோழியை விட்டுக்கொடுக்காமல் இருக்க நான் இந்த மைதானத்தில்தான் படித்தேன் என்று மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் மலையாளத்தில் வெளுத்து வாங்கினேன். மூன்றாவது வரிசையில், கபடி டீமின் நீல ஜெர்சியில் உன் மகள் ஜெனி உட்கார்ந்திருந்தாள். எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டியது அவள்தான்.

வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து கபடி ஆடப் போன ஒரே பெண் நான். ஆத்துப் பொண்ணு இப்படி மண்ணில் புரண்டுவிட்டு வரலாமா என்று அம்மா தினமும் புலம்புவாள். நீ போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து மலையிறங்கி வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தாய். மலையாளப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் தமிழ் பேச எனக்கு நீ, உனக்கு நான். அப்படித்தான் ஒட்டிக்கொண்டோம்.

கபடியில் எதிராளி தொட்டுவிட்டால் விசிலுக்குக் காத்திராமல் தானே கையைத் தூக்கி வெளியேறுவது மரியாதை. நம் டீமில் அதைச் செய்தவள் நீ ஒருத்திதான். நாங்கள் டீச்சர் முகத்தைப் பார்ப்போம். அவர் கவனிக்கவில்லை என்றால் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி நிற்போம். ஒரே மைதானம், ஒரே டீச்சர். அந்தக் குணத்தை உனக்கு விளையாட்டு கொடுத்ததா, மலையிலிருந்து இறங்கும்போதே நீ கொண்டுவந்ததா? கொடுத்தது விளையாட்டுதான் என்றால், எனக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

ஒரு நாள் பயிற்சி முடிந்து குழாயடியில் முகம் கழுவும்போது நீயாகத்தான் சொன்னாய்.

"ஏ மீனு, ஆருட்டயும் சொல்லாத, கேட்டியா. நான் உன்னவிட ஒன்றர வயசு மூப்பு. சர்ச்சுல உள்ள ஞானஸ்நானத் தேதிதான் நெசம். ஸ்கூல்ல அப்பா கொறச்சு எழுதினது."

உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கவே தாமதமாகிவிட்டதாம். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் பெரியவளாகத் தெரியக் கூடாதென்று வயதைக் குறைத்துவிட்டார். எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

பத்தாம் வகுப்பில் மாநிலப் போட்டிக்குப் பன்னிரண்டு பேர் பட்டியல் ஒட்டினார்கள். உன் பெயர் முதலில். என் பெயர் பதின்மூன்றாவது, யாராவது விழுந்தால் மட்டும் போகலாம். போய்வந்தவர்களுக்குப் பரீட்சையில் கிரேஸ் மார்க் கிடைக்கும். இரண்டு நாள் பொறாமையில் வெந்தேன். மூன்றாம் நாள் டீச்சரைத் தனியே பார்த்து, வயது கூடின ஆள் ஆடினால் டீமையே தள்ளிவிடுவார்கள், சர்ச் பதிவைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். நேர்மையாக இருக்க வேண்டுமே என்று ஒரு வார்த்தை வேறு சேர்த்துக்கொண்டேன். அந்த வார்த்தையை மைதானத்தில்தான் கற்றிருந்தேன். முதலில் எடுத்து உன்மேல்தான் வீசினேன்.

எதற்கென்று தெரியாமலே உன் அப்பா சர்ச்சிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தார். மகளுக்கு ஏதோ பரிசு தரப்போகிறார்கள் என்று நினைத்து, வெளுத்த வேட்டி கட்டி வந்திருந்தார். டீச்சர் கேட்டதும் மறைக்கவில்லை. பெயரை அடித்துவிட்டார்கள். நீ ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்து அழுதபோது உன் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அந்த அழுகையை இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மாநிலப் போட்டியில் என்னை நாலு நிமிடம் இறக்கினார்கள். அந்தப் போட்டிச் சான்றிதழ்தான் கல்லூரியில் எனக்கு இடம் வாங்கித் தந்தது, அங்கே ஆடியது வேலை வாங்கித் தந்தது. நீ கணக்கில் நாலு மார்க்கில் தோற்றாய். கிரேஸ் மார்க் இருந்தால் தாண்டியிருப்பாய். மறுபடி எழுதாமல் விதுராவில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனாய். எனக்கு வேலை கிடைத்தபோது முதலில் போன் செய்ததும் நீதான்.

உனக்குத் தெரியாது என்று இத்தனை வருடம் நிம்மதியாக இருந்தேன். உன் அடக்கத்தன்று ஆட்டோ நிறுத்தத்துக்கு நடந்தபோது உன் வீட்டுக்காரர் ராபர்ட் தானாகப் பேச ஆரம்பித்தார்.

"சேச்சி, அந்த ஞானஸ்நானத் தேதிய அவ ஒரே ஒரு ஆள்ட்டதான் சொல்லியிருந்தாளாம். ஆருன்னு எத்தன தடவ கேட்டும் சொல்லல. போட்டும், அதும் சின்னப் பிள்ளதானேன்னுட்டா."

அப்படியானால் உனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவந்தாயா? தெரிந்துகொண்டுதான், ஸ்கூல் கணக்குப்படி நான் மூத்தவள் என்று, ஜெனியை என்னைப் பெரியம்மா என்று கூப்பிட வைத்தாயா? ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கக் கூடாதா, ஸ்டெல்லா?

இதையெல்லாம் கேட்ட பிறகும்தான் வியாழக்கிழமை அந்த மேடை ஏறினேன். கூப்பிட்டவர்களிடம் முடியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மாலை போட்டு மரியாதை செய்வார்கள் என்ற ஆசை இந்த வயதிலும் விடவில்லை. வெட்கங்கெட்டவள் நான். கூட்டம் கலைந்ததும் ஜெனி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, ஸ்பீச் அடிபொளி. அம்மா இருந்தா ஒத்திரி சந்தோஷப்பட்டிருக்கும், அல்லே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவும் பொய்தான். அந்தப் பேச்சைக் கேட்டு நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஜெனி ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போகிறாள். நானும் விதுராவுக்குப் போகிறேன். அவளையும் ராபர்ட்டையும் உட்காரவைத்து இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படிப்பேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். ஜெனி எழுந்து போனால் பின்னால் போய்ச் சமாதானம் செய்யமாட்டேன். மேடைப் பொய்யை ஊரே கேட்டதால் இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன்; ஆனால் அவர்கள் கேட்ட பிறகுதான் இது அச்சுக்குப் போகும். ஊர் இதைப் படிக்கிறது என்றால், ஜெனிக்கு ஏற்கெனவே தெரியும் என்று அர்த்தம். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ நிஜமாகப் பிறந்த தேதிப்படி,
உன் தங்கை
மீனு