ஏவாள் முதலில் விழித்தாள்

மார்ச் 3, செவ்வாய்

திருச்சபை இதழ் தபாலில் வந்தது. கடைசிப் பக்கத்தில் என் மனைவியின் கவிதை. அவள் கவிதை எழுதுவாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. மகளின் பிரசவத்துக்கு உதவப் போனவள். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான், அவள் இன்னும் திரும்பவில்லை. அங்கே ஒரு நூலகத்தில் வேலைக்கு வேறு சேர்ந்துவிட்டாள். எப்போது வருவாய் என்றால், "பாப்போம்." அவ்வளவுதான்.

கவிதை சின்னது. இங்கேயே எழுதிவைக்கிறேன்.

அவன் விலாவில் ஒன்று குறைந்திருந்தது.
அவள் விழித்தபோது அவன் உறங்கிக்கொண்டிருந்தான்.
கனிகளைப் பற்றி, பறவைகளைப் பற்றி
அவனிடம் பேசிப் பார்த்தாள்.
பிறகு எழுந்து ஆற்றுக்குப் போனாள்.
அவன் விழித்தபோது
பக்கத்தில் ஈரக் காலடிகள்.

ஆதாமின் விலா எலும்பிலிருந்து ஏவாள் உண்டான கதைதான். இதில் ஆதாம் யார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் வருவாளா, மாட்டாளா? அதுவும் இதற்குள்தான் எங்கோ இருக்க வேண்டும். நேராகக் கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 4, புதன்

மருத்துவமனையில் நாள் முழுக்க நெஞ்சு எக்ஸ்ரே. ஊரே இருமுகிறது. "மூச்சை நல்லா இழுங்க, அசையாதீங்க, விடுங்க." இன்று நான் மனிதர்களோடு பேசியது இவ்வளவுதான்.

மதியம் அவளுக்குச் செய்தி அனுப்பினேன். 'கவிதை அருமை. ஒரு சின்னத் திருத்தம். ஆணுக்கும் பெண்ணுக்கும் விலா எலும்பு ஒரே எண்ணிக்கைதான். தினமும் படத்தில் பார்க்கிறேன்.'

பதில் வந்தது: 'சரி.'

எத்தனை மாதம் கழித்துப் பேச ஒரு விஷயம் கிடைத்தது! எலும்பைக் கணக்கெடுத்து அதையும் கெடுத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம்.

மார்ச் 8, ஞாயிறு

ஆலயத்தில் என் பக்கத்து இடத்தில் யாரோ குடையை வைத்தார்கள். அங்கே ஆள் வரும் என்று சொல்ல முடியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பிடிபட்டுவிட்டது!

தூக்கம் என்பது என் வேலை. கனிகளும் பறவைகளும் இருக்கும் தோட்டம் இந்த வீடு. ஆறு மகள் இருக்கும் ஊர். சரிதானே? இப்போது காலடிக்கு வருவோம். ஆற்றுக்குப் போகிறவளின் கால் காய்ந்திருக்கும். ஆற்றிலிருந்து வருகிறவளின் கால்தான் ஈரமாக இருக்கும். அப்படியானால் ஏவாள் திரும்பி வந்திருக்கிறாள்! நிழலும் வெளிச்சமும் பார்த்தே தலை நரைத்தவன் நான், எனக்கா இது புரியாது?

அலமாரியில் அவள் பக்கத்தை ஒழித்துவைத்தேன். என் சட்டைகள் அங்கேயும் பரவியிருந்தன.

மார்ச் 12, வியாழன்

நோயாளிகளை அழைத்துவரும் நர்ஸ் என்னை 'இருட்டறை சார்' என்பார். இன்று என் முகத்தைப் பார்த்து, "என்ன சார், பல்லெல்லாம் வெளியில தெரியுது?" என்றார். பெருமை தாங்காமல் கவிதையைக் காட்டினேன். காலடி விளக்கத்தையும் சொன்னேன்.

நின்றபடியே படித்தார்.

"திரும்பி வந்தாள்னா காலடி மட்டும் ஏன் சார் இருக்கு? ஆள் எங்க?"

இதழை வாங்கிக் கடைசி வரியை மறுபடி பார்த்தேன்.

"வந்து பாத்திருப்பா. இவரு இன்னும் தூங்கிட்டு இருந்திருப்பாரு. போயிருப்பா." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்றேன் சார். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்."

அடுத்த நோயாளியிடம் மூச்சை இழுக்கச் சொன்னேன். விடச் சொல்ல மறந்துவிட்டேன். பாவம், அவர் முகம் சிவந்துபோனது.

மார்ச் 15, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் இப்படியே கிழவனாகிவிடுவேனோ?

மார்ச் 22, ஞாயிறு

ஒரு வாரமாக அந்த நடு வரியில்தான் நிற்கிறேன். விலா, ஆறு, காலடி எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடினேன். அவள் பேசிப் பார்த்தாள் என்ற வரியை ஒரு தடவைகூட நின்று படிக்கவில்லை. ஏன்? அதில் பேசுவது நான் இல்லை, அதனாலா?

மதியம் போன் செய்தேன். "ஏவாள் அவன்கிட்ட என்ன பேசினா?" என்று கேட்டேன்.

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள்.

பிறகு பேசினாள். முழங்கால் வலி. நூலகத்தில் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப்போகும் ஒரு பெரியவர். மருமகனின் குறட்டை. சிரித்தாள்கூட. கடைசியில், "நூலகத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். எனக்குன்னு. அடுத்த மாசம் போறேன்" என்றாள்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேங்க. போன்ல, ரெண்டு தடவை. 'ம்' போட்டீங்க."

போட்டிருப்பேன். நான் விழித்துக்கொண்டுதானே இருந்தேன்? என்னடா மனுஷன் நீ! அழுகை வந்தது. அது அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் போனை வைக்கவில்லை.

"ஒரு நாள் வந்து பாருங்க" என்றாள்.

ஏப்ரல் 11, சனி

போய் வந்தேன். மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் மேசை, ஒரே நாற்காலி. அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். புதிதாக எழுதியதை வாசித்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு, கேட்டதற்கு அவளே வெட்கப்பட்டாள்.

கிளம்பும்போது வீட்டுக்கார அம்மாள் படியேறி வந்தார். "யாரும்மா இவரு?"

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்க வந்திருக்காரு" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை வரலாமா என்று அவளிடம் கேட்டேன்.