தலை போன பச்சை மயில்

மார்லிங்கோட், சாமர்செட்
25 ஜூன் 1962

அன்பு மகன் கில்பர்ட்டுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், ஆஸ்திரேலியா வெயிலில் நீயும் மருமகளும் பிள்ளைகள் இருவரும் அதே போல இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதிகளைக் கேள். உன் தம்பி மகன் ஃபீலிக்ஸ் பெரிய பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் தேறிவிட்டான், இந்த ஊரிலேயே அவன் ஒருவன்தான். அவன் தங்கை டோரா கரண்டியில் முட்டை வைத்து ஓடுகிற பந்தயத்தில் முதல், முட்டையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு ஓடினாள் என்று பாதிரியார் மனைவி சொல்லித் திரிகிறாள், எல்லாம் பொறாமை. அவர்கள் அண்ணன் ராண்டலை சர்ச் மணியடிக்கிறவர்களோடு சேர்த்துக்கொண்டார்கள், கயிற்றோடு அவனும் மேலே போனது ஒரே ஒரு தடவைதான்.

என்னோடு இங்கேயே தங்கிவிட்ட உன் மகள் ஹெஸ்டர் சேதியைக் கடைசியாக வைத்திருக்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. ஐந்தாம் வகுப்பு தாண்டாதவள் நான், அவளோ ஒவ்வொரு செடிக்கும் லத்தீனில் பெயர் சொல்கிறாள். ஜூன் முடிவதற்குள் மாளிகைத் தோட்டத்தில் வேலை நிரந்தரமாகாவிட்டால் அவளைக் கப்பலேற்றி அனுப்பிவிடு என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேதான் ஒரு மாதமாகக் களை பிடுங்கினாள். நேற்று ஞாயிறு, தோட்டத்தை ஊராருக்குத் திறந்துவிடுகிற நாள், அன்று சாயங்காலம் முடிவு சொல்கிறேன் என்று மாளிகைச் சீமாட்டி சொல்லியிருந்தார். தலைமைத் தோட்டக்காரர் டாப்ஸ்காட் இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டதால், வாசல் பாதைக்குப் பக்கத்துக்கு ஒன்றாக யூ மரத்தை மயில் உருவத்தில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்களே, அந்த இரண்டு மயில்களுக்கும் முடிவெட்டுகிற வேலை இவளுக்கு வந்தது. இருநூறு வருஷமாக வெட்டி வெட்டி வளர்த்தவை, பெண்பிள்ளை கைக் கத்தரி அவற்றின் மேல் பட்டதே இல்லை. நேற்றுக் காலையில் தேநீர்க் கூடாரத்துக்குக் கேக் கொண்டுபோகிறேன், இவள் ஏணி உச்சியில் நின்று அழுகிறாள். ஒரு மயிலின் கொண்டை இடப்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்ததாம், வெட்டினாள், இப்போது வலப்பக்கம் தூக்கல், அதையும் வெட்டினாள். உன் அத்தை கல்யாணத்துக்கு முந்தின நாள் உன் நெற்றி முடியைச் சமன் செய்கிறேன் என்று நான் பண்ணினேனே, அதே கதை. கொண்டை போய், தலை வாதாம்பருப்பு அளவுக்கு வந்து, அதுவும் போய், கழுத்து மட்டும் மொட்டையாக நின்றது. புதுத் தலை வளரப் பத்து வருஷம் ஆகும். பாட்டி, நான் கப்பலேறிட்டேன்னே வச்சுக்கோ என்றாள்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, என்ன செய்ய. பிறகு அண்ணாந்து நன்றாகப் பார்த்தேன். நாற்பது வருஷமாகக் கோழி வளர்க்கிறவள் நான். அடி அசடே, தூங்குற கோழிக்குத் தலை வெளியிலயா இருக்கு, றெக்கைக்குள்ள சொருகிவிடு என்றேன். மூக்கைத் துடைத்தாள், கத்தரியை எடுத்தாள், மொட்டைக் கழுத்தைப் பின்பக்கமாக வளைத்து வெட்டினாள், முதுகில் ஒரு பள்ளம் எடுத்து இறக்கையை உப்பவிட்டாள். இரண்டு மணி நேரம் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் டாப்ஸ்காட் கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார், நான் படுத்தது ரெண்டு நாளு, அதுக்குள்ள மயிலைக் கொன்னுட்டியா புண்ணியவதி என்று ஒரே கத்தல். கொல்லலைய்யா, தூங்குது, மெதுவாப் பேசுங்க என்றேன். அந்த மனுஷன் உடனே குரலைத் தாழ்த்திவிட்டார், கில்பர்ட், சத்தியமாக!

வாசல் திறந்ததும் கூட்டம் முழுவதும் அங்கேதான் நின்றது. டான்டனிலிருந்து பஸ்ஸில் வந்த பெண்கள் இந்த மாவட்டத்தில் ஒன்பது மாளிகைத் தோட்டம் பார்த்தாயிற்றாம், தூங்குகிற மயில் எங்கேயுமே இல்லையாம். சின்னப் பிள்ளைகள் அதைத் தாண்டும்போது நுனிக்காலில் நடந்தன. பேசாமல் இருந்திருக்கலாம் இல்லையா, உன் மகளாயிற்றே, நேராகச் சீமாட்டியிடம் போய், அம்மா, நான் கைதவறித் தலையை வெட்டிட்டேன், அப்புறம்தான் தூங்க வச்சேன் என்று ஒப்பித்துவிட்டாள். நான் தேநீர்ப் பானைக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டுகிறேன், பார்த்தால்தானே. சீமாட்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், மயிலைச் சுற்றி வந்தார். நான் ஒரே ரொட்டிக்கு இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கடைசியில், இருநூறு வருஷமா முழிச்சு நின்னு எங்க வாசலைக் காவல் காத்துச்சு, பாவம், தூங்கட்டுமே என்றார். பிறகு, அடுத்த வருஷம் மத்ததையும் தூங்க வச்சிடாதே பொண்ணே, ஒண்ணாவது முழிச்சிருக்கணும் என்றார். அடுத்த வருஷமாம்! ஹெஸ்டர் புரியாமல் நிற்கிறாள், நான் போட்ட கூச்சலில் கூடாரமே திரும்பிப் பார்த்தது. டாப்ஸ்காட் உஸ் என்று மயிலைக் காட்டினார்.

ஆகையால் துறைமுகத்துக்குப் போய் நிற்காதே மகனே. அவளுக்கென்று ஜன்னல் வைத்துக் கட்டிய அறையைப் பூட்டியும் வைக்காதே, பிள்ளைகளைப் படுக்கவிடு. உனக்கு வருத்தம் இருக்கும், எனக்குத் தெரியும், இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டுப் பிறகு என்னைப் போலப் பெருமைப்படு. வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. உங்கள் நால்வரையும் கடவுள் தம் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும். மறந்துவிடாதே, ஹெஸ்டருக்குத் தோட்டச் சுவருக்குள்ளேயே ஒரு அறை தருகிறார்கள், கட்டிலுக்கு மேலே மாட்ட உங்கள் படம் வேண்டுமாம். இருப்பது கப்பலேறிய அன்று எடுத்தது, அதில் நீங்கள் எல்லாரும் அழுதுகொண்டிருக்கிறீர்கள். சிரிக்கிற மாதிரி புதிதாக ஒன்று எடுத்து, அடுத்த தபாலிலேயே அனுப்பு.

உன் அம்மா,
ஆக்னஸ்