அடுப்பில் வைத்த கத்தி

வீடு முழுக்க இன்று கருகின மர வாசனை. குன்னத்திலிருந்து ஐந்து புதுக் கத்திகள் வாங்கி வந்து கூடத்தில் பேப்பர் விரித்துப் பரப்பியிருக்கிறேன். கத்தியின் காம்பைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்கும்போது உள்ளே கருகுமே, அந்த வாசனை ஒரு வாரத்துக்குப் போகாது. என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். நீ இருந்திருந்தால் அவர் பின்னாலேயே கத்தியோடு போய் வம்புக்கு இழுத்திருப்பாய். நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. இப்போது உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது.

தொண்ணூற்றெட்டில்தான் நாம் முதன்முதலாகக் கத்தி வாங்கினோம். அதுவரை பெரம்பலூரில் கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்கப் போகிற பெண்கள் நாம். சமையல்காரர் கொடுக்கிற மழுங்கின கத்தியில் நறுக்க வேண்டும், மெதுவாக நறுக்குகிறோம் என்று அவரிடமே திட்டும் வாங்க வேண்டும். ஒரு நாள் கை கழுவிக்கொண்டே, இருநூறு பேருக்கு நாமே ஆக்கிப்போட்டால் என்ன என்று கேட்டாய். நம்மை நம்பி யார் கூப்பிடுவார்கள் என்றேன். உனக்கு அந்தப் பயமே இல்லை. "கை நம்ம கை. பேரு மட்டும் அந்தாளுக்கா?" என்றாய். அடுத்த வாரமே சொந்தக் கத்தி வாங்கக் கிளம்பிவிட்டோம்.

டவுன் பாத்திரக்கடையில் பளபளவென்று அடுக்கி வைத்திருந்தார்கள். நீ ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, வாழைப்பழம் அரிய ஆகும் என்று கடைக்காரர் காதுபடச் சொல்லித் திருப்பி வைத்தாய். பிறகுதான் யாரோ சொல்லிக் குன்னத்துப் பட்டறைக்குப் போனோம். ஆசாரி இடுக்கியில் பிடிப்பார், அவர் சம்சாரம் சம்மட்டி போடுவார். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் காய்ச்சி அடிக்கிற கத்தி. பார்ப்பதற்குக் கறுப்பாக, லட்சணமே இல்லாமல் இருக்கும். ஆனால் கையில் எடுத்தால் தானாக இறங்கும்.

கத்தி வாங்கப் போகிறவள் காயோடு போக வேண்டும் என்பது உன் சட்டம். கூடையில் ஒரு சேனைக்கிழங்கு, கால் பூசணி, இரண்டு தக்காளி. முதலில் தக்காளியை அரிவாய். பிறகு சேனையைத் துண்டு துண்டாகப் போடுவாய். அதன்பிறகு இரண்டாவது தக்காளி. சேனைக்குப் பின்னாலும் தோல் வழுக்காமல் தக்காளி அரிந்தால்தான் கத்தி நம்முடையது. ஆசாரி சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். நறுக்கினதையெல்லாம் அந்த அக்காவிடமே கொடுத்துவிடுவோம். நாம் வருகிற அன்றைக்குத் தன் வீட்டில் சேனை வறுவல்தான் என்று அந்த அக்கா அலுத்துக்கொள்வார். ஆனால் வாங்கி வைத்துக்கொள்வார்.

முதல் தடவை கத்தியைக் கொடுக்கும்போதே ஆசாரி சொன்னார், காம்பு ஆடினால் நீங்களாக ஒன்றும் செய்யாதீர்கள், இங்கே கொண்டு வாருங்கள் என்று. இரண்டு பேரும் தலையை ஆட்டினோம்.

நம்முடைய முதல் ஆர்டர் அரியலூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நீ இலைக்கட்டு வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாய். பெரிய கத்தியின் பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது. குன்னத்துக்குப் போய் வர நேரமில்லை. ஆனால் ஆசாரி காம்பைக் காய்ச்சிப் பிடிக்குள் இறக்கியதைத்தான் நேரில் பார்த்திருக்கிறேனே, இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். சாதம் வடிக்கிற பெரிய விறகடுப்பில் கத்தியை அப்படியே செருகினேன். காம்பு மட்டுமா பழுத்தது? முழுக் கத்தியும் சிவந்து வந்தது. அவசரமாக எடுத்துப் பிடியை இறக்கி, தரையில் ஆறவிட்டேன். காம்பு கல் மாதிரி நின்றது. எனக்கே என் சாமர்த்தியத்தில் ஒரே பெருமை. மேலே பொரிந்திருந்த கறுப்பைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, நீ வந்தபோது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

விடிந்ததும் நீதான் அந்தக் கத்தியை எடுத்தாய். மூன்றாவது பூசணியில் கூர் மடங்கிப் போயிற்று. அரிவாள்மனை இரவல் கேட்டு மண்டபத்தைச் சுற்றி நாலு வீடு ஓடினோம். சாம்பார் இறங்கும்போது முதல் பந்தி உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பெண்ணின் தாய்மாமன் நம் இருவரையும் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். வளைகாப்புக்கும் நீங்களே வாருங்கள் என்று முதல் நாள் சொன்ன வீடு அது. போகும்போது யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குத்தான் வண்டி ஏறினாய். வேண்டாம் என்று உன் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நீ கேட்கிற ஆளா? அங்கே வேப்பூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், சோளத்தட்டு அறுக்கப் பத்து அரிவாள் சொல்ல வந்திருந்தார். அவர் முன்னால் கத்தியைப் பட்டடைக்கல்லில் ணங்கென்று போட்டாய். பதம் ஏற்றாத பச்சை இரும்பை அடித்துக் கொடுத்து ஏமாற்றிவிட்டீர்கள், எங்கள் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது என்று கூப்பாடு போட்டாய். ஆசாரி அரத்தை எடுத்துக் கத்தியின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். இரும்புத்தூள் பொடியாக உதிர்ந்தது.

"நான் குடுக்கையில அரம் வழுக்கும்மா. இது நெருப்புல போயி வந்திருக்கு, பதம் எறங்கிருச்சு" என்றார்.

உனக்கு வந்ததே கோபம். உன் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினாய், எங்கள் கத்தி நெருப்பையே பார்த்ததில்லை என்று. நான் உனக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். அந்த விவசாயி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

பஸ் நிறுத்தத்து டீக்கடைக்கு வந்தோம். அதே ஆள் அங்கே உட்கார்ந்து, இந்தப் பட்டறையில் இப்போதெல்லாம் சரக்கு சரியில்லை, இந்தப் பொம்பளைகளையே கேளுங்கள் என்று நாலு பேரிடம் நம்மைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. உன் காதில் சொன்னேன். அடுப்பில் வைத்ததைச் சொன்னேன், செங்கல் தூள் போட்டுத் தேய்த்ததையும் சொன்னேன்.

நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் நீ நாலு அறை வைத்திருக்கலாம். டீ டம்ளரைக் கீழே வைத்தாய். எழுந்து போய் அந்த ஆள் முன்னால் நின்றாய்.

"அண்ணே, அது நல்ல கத்திண்ணே. நான்தான் அடுப்புல வெச்சுக் கெடுத்துட்டேன். கெடுத்ததும் இல்லாம அங்க போயி கத்திட்டும் வந்துட்டேன். எந்திரிங்க, ஆசாரிகிட்டயே உங்க முன்னாடி சொல்றேன்."

நான் என்று சொன்னாய். நாங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினாய். ஆசாரி ஏற்கனவே தெரிந்ததுதானே என்பது போலத் தலையை அசைத்தார். அக்காவுக்குத்தான் ஆறவில்லை. பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினாயே, இனி வந்து இந்தச் சக்கரத்தைச் சுற்று என்று உலைக்குக் காற்றடிக்கிற சக்கரத்தைக் காட்டினார். நீ மறுபேச்சு பேசாமல் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து சுற்றினாய். நான் மாற்றிக்கொள்ள வந்தபோது முழங்கையால் தள்ளிவிட்டாய். ஆசாரி கத்தியை மறுபடி காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, பதம் ஏற்றினார். காம்பை மட்டும் காய்ச்சும்போது அலகில் ஈரச்சாக்கைச் சுற்ற வேண்டும் என்று அப்போதுதான் காட்டினார். உன் புடவையெல்லாம் கரி. அந்த விவசாயி பத்து அரிவாளுக்குச் சொல்லிவிட்டுப் போனார். சும்மா உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாய். ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். சண்டை போட்டவள் நான், நான்தான் அதை முடித்து வைக்க வேண்டும் என்றாய். பெரம்பலூர் நெருங்கும்போது ஒன்று சொன்னாய்.

"அடுப்புல வெச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லடி. இன்னொரு தடவ நான் தப்புப் பக்கம் நின்னு சண்ட போட்டா, அங்கயே என்னை நிறுத்திரு. அத்தன பேரு முன்னாடியே நிறுத்து."

அதை நான் காப்பாற்றினேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். அரியலூர் மார்க்கெட்டில் இலைக்கட்டு ஒன்று குறைகிறது என்று நீ கடைக்காரர் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றபோது, அது ஆட்டோவிலேயே இருக்கிறது என்று நடுத்தெருவில் சொன்னேன். நீ கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தப்பு என் பேரில் என்று சொல்லி இரண்டு கட்டு கூடுதலாக வாங்கினாய். எட்டு வருஷத்தில் எத்தனை அடுப்பு மூட்டினோம்! லப்பைக்குடிக்காட்டில் ஒரு கல்யாணத்தில், துபாயிலிருந்து வந்த மாப்பிள்ளை நம் கறுப்புக் கத்தியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஃபாரின் கத்தி செட் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். பயபக்தியோடு வாங்கி அலமாரியில் வைத்தாய். வெங்காய மூட்டைக்கு முன்னால் உட்காரும்போது கை குன்னத்துக் கத்தியைத்தான் தேடியது. பெரம்பலூரில் இன்று நம்மைக் கேட்காமல் முகூர்த்தம் குறிக்கிற வீடுகள் குறைவு. இதைத் தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

பிறகு திருச்சி ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு மாதம். அதைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் நீயே திட்டுவாய்.

போன மாதம் நீ இல்லாமல் முதல் தடவையாகப் பட்டறைக்குப் போனேன், இந்த ஐந்து கத்திக்கும் சொல்லி வைக்க. கூடையில் சேனையும் தக்காளியும் கொண்டு போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்திருந்தார்கள், புதிதாகச் சமையல் தொழில் எடுக்கிற அண்ணன் தம்பிகள். கத்தியைக் கொடுத்துவிட்டு அக்கா அவர்களிடம் சொன்னார்: "காம்பு ஆடுனா அடுப்புல வெச்சிராதீங்க. பெரம்பலூர்ல ஒரு சமையக்கார அம்மா அப்பிடித்தான் வெச்சுக் கெடுத்துட்டு, இங்க வந்து சண்ட போட்டுச்சு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டேன். கத்தி வாங்க வருகிற சமையல்காரர்கள் எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொல்லித்தான் கொடுக்கிறார்களாம், இத்தனை வருஷமாக. உன் ஊர், அடையாளத்தோடு. இந்தச் சுற்று வட்டாரத்தில் சமைக்கிறவர்கள் பாதிப் பேருக்கு நீ கத்தியை அடுப்பில் வைத்த மடைச்சி. நாம் போகிறபோதெல்லாம் அக்கா உன்னைக் கிண்டல் பண்ணியதும், நீ இளித்துக்கொண்டு நின்றதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அந்த அண்ணன் தம்பிகளைக் கிளம்ப விடாமல் நிறுத்தினேன்.

"வெச்சது அவ இல்லக்கா. நான்தான் வெச்சேன். அவ மார்க்கெட்டுக்குப் போயிருந்தா. இனிமே கத சொன்னா என் பேரச் சொல்லுங்க. பெரம்பலூர் ராணின்னே சொல்லுங்க."

அக்கா சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷம் எங்கேம்மா போயிருந்தாய் என்று கேட்டார். ஆசாரி உலையைப் பார்த்தபடி, சரி, இனி உன் பேரையே சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

நேற்று அரியலூரில் ஒரு கல்யாணம். பந்தலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். பிரியாணி மட்டும் போட வந்த வேறொரு சமையல்காரர், முன்பின் தெரியாத மனுஷன், யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு அருகில் வந்தார். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"கத்திய அடுப்புல வெச்ச ராணி நீங்கதானா?"

சுற்றிலும் முப்பது பேர் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து நின்று, பந்தல் முழுக்கக் கேட்கும்படி, நான்தான் என்று சொன்னேன்.