ஞாயிற்றுக்கிழமைக் குரல்

குரும்பலூர்
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு மிக்சி வியாழனன்று தேங்காய்ச் சட்னி அரைக்கும் கடமையில் உயிர் நீத்தது. பெரிய ஜாரும் சின்ன ஜாரும் ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறார்கள். அம்மா மட்டும் அழவில்லை. அம்மியைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

நீ எழுதியதைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பும் அந்தத் தொண்டு நிறுவன அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல். தடுப்பு முகாமில் போன் கிடையாதென்றால் எப்படித்தான் இருக்கிறாயோ! நீ விளக்கியது மண்டையில் ஏறிவிட்டது. சுற்றுலா விசா மலேசியாவைச் சுற்றிப் பார்க்க மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ஓட்டலில் தட்டு எடுத்தது ஒரு குற்றம். நாள் முடிந்தும் தங்கியது இன்னொன்று. "போனதும் வேலை பாஸா மாத்திடலாம் தம்பி" என்று ஏஜென்ட் சொன்னது பச்சைப் புளுகு. நான் கணக்கில் பாஸ் ஆகாமல் மாட்டினேன், நீ கையில் பாஸ் இல்லாமல் மாட்டினாய். நல்ல குடும்பம்.

பிடிபட்டதை அம்மாவிடம் சொல்லாதே என்றாய். சொல்லவில்லை. அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டேன். ஞாயிறுதோறும் என் கூட்டாளி அஜித்குமார் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, அவன் போனில், உன் குரலில் அம்மாவிடம் பேசுகிறேன்! அதே இழுவை, அதே செருமல். "அம்மா... சாப்டியா? இங்க வேல சாஸ்தி." அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "கொரலு கம்மியிருக்கேடா, சுக்குக் காப்பி போட்டுக் குடி." பெரம்பலூர் மாவட்டத்திலேயே எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

உன் தம்பி
(ஞாயிறு மட்டும் நீயே)
விக்கி


முகாம், மலேசியா
19 ஜூன் 2025

அன்புத் தம்பி விக்கிக்கு,

மிக்சிக்குச் சிரித்தேன். குரலுக்கும் சிரித்தேன். அப்புறம் படுத்ததும் பயம் வந்துவிட்டது. இங்கே நான் வாயைத் திறப்பதே அபூர்வம். அங்கே என் குரல் மட்டும் நல்லாச் சாப்பிட்டு, வேலை பார்த்துக்கொண்டு திரிகிறது என்றால், செத்துப்போன எவனையோ பற்றிக் கேட்பது போல இருக்கிறது. வேண்டாம்டா. நிறுத்திவிடு.

அம்மாவிடம் இனி உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் பாஸ்போர்ட்டோடு ஏஜென்ட் ஓடிவிட்டான். ஊர் திரும்ப நம் தூதரகம் ஒரு தற்காலிகப் பயண ஆவணம் தரும். அதற்கு முன்னால் நான் இந்தியன்தான், அந்த வீட்டுப் பிள்ளைதான் என்று விசாரிப்பார்கள். என் போட்டோவோடு போலீஸ் வீட்டுக்கு வரும். அம்மா ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆள் மெலிந்து போயிருக்கிறேன், மொட்டை வேறு. அம்மாவை முன்கூட்டியே தயார் பண்ணி வை. கவனமாகச் சாப்பிடு.

அன்புடன்
அருள்முருகன்


குரும்பலூர்
24 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உத்தரவு கிடைத்தது. இந்த ஞாயிறுதான் கடைசி நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு பேசினேன். சனிக்கிழமை பள்ளி விடுமுறை, அன்றைக்கு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் அஜித்குமார் பின்னாலிருந்து "விக்கி, விக்கி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். நான் திரும்பவேயில்லையாம். கடைசியில் "அண்ணே" என்றானாம். திரும்பினேனாம்.

விக்கி


முகாம், மலேசியா
21 ஜூலை 2025

விக்கி,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தூதரகத்திலிருந்து இன்று சொன்னார்கள். 'தாயார் அடையாளம் காணவில்லை, தன் மகன் இல்லை என்கிறார்' என்று ஊரிலிருந்து பதில் வந்திருக்கிறதாம். என்னோடு விசாரணைக்குப் போன இரண்டு பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அம்மா ஏன்டா அப்படிச் சொன்னாள்?

அருள்


குரும்பலூர்
24 ஜூலை 2025

அண்ணா,

நான் சொல்ல இருந்ததற்கு முந்தின நாளே, வெள்ளிக்கிழமை, போலீஸ் வந்துவிட்டது. நான் பள்ளியில் இருந்தேன். அம்மா சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாளாம். போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது எம்புள்ள இல்லீங்க சார். எம்புள்ள ஓட்டல்ல வேல பாக்குறான். வாராவாரம் போன் பண்றான், போன ஞாயித்துக்கெழமகூட பேசுனான்" என்றாளாம். ஏட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அதைக் கேட்ட பிறகு அம்மாவிடமும் சொல்ல முடியவில்லை, உனக்கும் எழுத முடியவில்லை.

முந்தாநாள் உன் கடிதம் வந்ததும் அம்மா காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை.

"பேசுனது நீதான்னு மொத வாரமே தெரியும்டா" என்றாள்.

"எப்படிம்மா?"

"அவன் பேசுனா, 'தம்பி எங்கம்மா'ன்னுதான் ஆரம்பிப்பான். நீ உன்னப் பத்திக் கேக்கவே இல்லியே."

"அப்பறம் ஏம்மா போலீஸ்கிட்ட அப்படிச் சொன்ன?"

"அந்தப் போட்டோவுல இருந்த மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு நீ பேசுன கொரலே தேவலன்னு இருந்துச்சு. இல்லன்னு சொல்லிட்டா அப்படி ஒண்ணு இல்லாமப் போயிடும்னு நெனச்சேன்."

நேற்று இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா போட்டோவைக் கையில் வாங்கி, கன்னத்தைத் தடவி, "எம்புள்ளதாங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். முன்பு ஒன்று, இப்போது ஒன்று சொல்வதால் மேலே கேள்வி கேட்பார்களாம். அனுப்பி வைக்கிறோம், எப்போது பதில் வரும் என்று எங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

மாவட்டத்திலேயே எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று உனக்குப் பீற்றி எழுதினேன் இல்லையா? அம்மா ஒரு வாரம்கூட ஏமாறவில்லை. ஏமாந்தது நான் ஒருவன்தான் அண்ணா. ஒவ்வொரு ஞாயிறும் போனை வைத்ததும், அண்ணன் பேசிவிட்டான், நன்றாகத்தான் இருக்கிறான் என்று எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

விக்கி