பாபி படித்து முடிக்கும்வரை

பாய்,

பையைத் திறந்தாலே அச்சு மை வாசனை. உங்களுக்கான இரங்கல் செய்தி வந்த பேப்பர் போன வாரத்திலிருந்து உள்ளேயே கிடக்கிறது. எடுத்து வைக்கவும் மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் நடக்கிறேன், மறுபடி பையைத் திறக்கிறேன்.

நீங்கள் பத்திரிகை ஆசிரியர் வேலையை விட்டபின் நாம் இருவரும் ஊர் ஊராகப் போய் நிருபர்களுக்கு வகுப்பெடுத்தோமே, எந்தப் பத்திரிகை ஆபீஸ் ஆலோசனைக்குக் கூப்பிட்டாலும் உங்களிடம் ஒரே வைத்தியம்தான். செய்தி யாரைப் பற்றியதோ, பேப்பரோடு அவர் முன்னால் போய் உட்கார வேண்டும். "அந்தாளு படிச்சி முடிக்கிற வரிக்கும் வாயத் தொறக்காத. மூஞ்சியப் பாரு." இதற்கா இவரைக் கூப்பிட்டோம் என்று முதலாளிகள் என்னிடம் வந்து புலம்புவார்கள். நீங்கள் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

'ஏரி நீர் வராமல் விவசாயிகள் வேதனை' என்று எழுதிய நிருபரோடு தென்னேரிக்கு நாமும் போனோம். படித்த விவசாயி நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு இன்னா வேதனை? மதகத் தொறக்காத ஆபீசரு மேல கோவமா கீறேன். அத்த எழுது." நிருபர் முகம் தொங்கிவிட்டது. உங்களுக்கோ திரும்பி வரும் வழியெல்லாம் சிரிப்பு.

உங்கள் இரங்கல் செய்தி என் தலையில் விழுந்தது. அவசரம் என்றார்கள், எழுதிக் கொடுத்தேன். அச்சில் பார்த்தபிறகுதான் உறைத்தது. இதை எடுத்துக்கொண்டு யார் முன்னால் போய் உட்காருவது?

உத்திரமேரூரில் இறங்கினேன். உங்கள் வீட்டு முன்பக்கத்து மளிகைக் கடையைத் தாண்டிப் போனேன், திரும்பி வந்தேன். உங்கள் மனைவி, என் பாபி, துக்க நாட்கள் முடியும்வரை வெளியே வராத இத்தாவில் இருப்பதால் உள் அறைக்குத்தான் போக வேண்டியிருந்தது. பாபி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். மூத்த பத்திரிகையாளர், பண்பாளர், ஈடுசெய்ய முடியாத இழப்பு. நான் வாயைத் திறக்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார் என்று நினைத்தேன். பேப்பரை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"வேற யாரோ மவுத்தானாப்பல கீது, அக்கா. நாஷ்டாவ ஆறவுட்டு, ஊரு பேரு தெரியாத புள்ளைங்க எழுதுனத திருத்திக்கினு, போன்ல கத்திக்கினு இருப்பாரே ஒரு மனுசன். அவரு இதுல எங்க?"

பேப்பரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஏறியபின் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. இப்படியொரு வழக்கத்தை என் தலையில் கட்டிவிட்டு, வகுப்புகளையும் பாதியில் விட்டுவிட்டு, சொல்லாமல் போனீர்கள். அந்தச் செய்தியில் நான் எழுதாமல் விட்டது இந்தக் கோபத்தைத்தான். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எவன் வேண்டுமானாலும் எழுதுவான். நீங்கள் இல்லாமல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது பாய்.

அதனால்தான் இந்த மடல். பையில் இப்போது அந்தப் பேப்பரோடு இதுவும் இருக்கும். மீதியை மறுபடி உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் எழுதுகிறேன், மாகறல் தாண்டிவிட்டது. இதையும் பாபி படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.